ஜார்ஜ் கீத் விவகாரம், 1690–1695: ஒரு விசுவாச அறிக்கை கேட்டதால் பிளந்த குவேக்கர் சபை

1692 ஜூன் 20 அன்று, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய பென்சில்வேனியா மாகாணத்தின் பிலடெல்பியாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஊழியர்கள் (பிரசங்கிகள்) 28 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஜார்ஜ் கீத் இனி நம்மோடு ஐக்கியத்தில் இல்லை, அவருடைய பிரசங்கத்துக்கு நம் கூட்டங்களில் இடம் கிடையாது என்பது அதன் சாரம். கீத் அப்போது ஏறக்குறைய முப்பது வருடக் குவேக்கர். அந்த விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்தவர். அந்த மக்களிடையே அவர் அளவுக்கு இறையியல் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

சண்டை எதைப்பற்றி என்று பார்த்தால் முதலில் திகைப்புதான் வரும். எருசலேமில் சிலுவையில் மரித்து, சரீரத்தோடு உயிர்த்தெழுந்த இயேசுவை விசுவாசிக்காமல் ஒருவர் கிறிஸ்தவராக இருக்க முடியாது என்று கீத் வற்புறுத்தினார். எந்தத் திருச்சபைக்குள் போய்ச் சொன்னாலும் ‘ஆமென்’ என்பார்கள். பிலடெல்பியாவில் அது பிளவாகி, அச்சகப் பறிமுதலாகி, நீதிமன்ற வழக்காகி, கடைசியில் லண்டன் வரை போனது. இத்தனைக்கும் 28 பேரில் பெரும்பாலோர் இயேசுவின் சிலுவையை மறுத்தவர்கள் அல்ல. அப்படியானால் எங்கே முறிந்தது? இந்த ஆய்வு அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

எழுதிவைக்காத விசுவாசம்

ஜார்ஜ் பாக்ஸ் 1652-இல் இங்கிலாந்தின் வட பகுதியில் பிரசங்கித்துத் திரட்டிய மக்கள்தான் குவேக்கர்கள். தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் குருமார் இல்லை. தண்ணீர் ஞானஸ்நானமும் அப்பமும் ரசமும் இல்லை. கூடுவார்கள், மௌனமாகக் காத்திருப்பார்கள், யாருக்கு உள்ளே ஏவுதல் வருகிறதோ அவர் பேசுவார். ‘உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி’ என்ற யோவான் சுவிசேஷ வசனம்தான் அவர்களுடைய ஆதாரம். அந்த ஒளி கிறிஸ்துவே, அது ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, அது காட்டும் வழியில் நடந்தால் இரட்சிப்பு உண்டு.

இங்கே மனமாற்றம் என்பது ஒரு கோட்பாட்டுக்குச் சம்மதம் தெரிவிப்பதல்ல. உள்ளே இருக்கும் ஒளி ஒருவருடைய பாவத்தை அவருக்கே காட்டுகிறது. அவர் நடுங்குகிறார், உடைகிறார், பிறகு வேறு ஆளாக எழுந்து நடக்கிறார். சபையில் சேர்வதற்கு அந்த மாற்றம் வாழ்க்கையில் தெரிந்தால் போதும். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மறுப்பார், பெரிய மனிதர் முன் தொப்பியைக் கழற்றமாட்டார், தசமபாகம் கொடுக்கமாட்டார். இதற்கெல்லாம் விலை இருந்தது. 1660-க்குப் பிறகு வந்த அடக்குமுறைக் காலத்தில் இங்கிலாந்துச் சிறைகளில் நூற்றுக்கணக்கான குவேக்கர்கள் உயிர்விட்டார்கள். 1659-க்கும் 1661-க்கும் இடையில் பாஸ்டனில் நான்கு பேரைத் தூக்கிலேயே போட்டார்கள். அவர்களில் மேரி டயர் ஒரு பெண்.

இப்படி அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் ‘நாம் எதை விசுவாசிக்கிறோம்’ என்று எழுதிவைக்கவேண்டிய தேவை எழவில்லை. அதோடு, முதல் தலைமுறையினர் எல்லோரும் வேறு சபைகளில் வளர்ந்து, வேதத்தையும் ஞானோபதேசத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள். ஒளியைப் பற்றி அவர்கள் பேசியபோது, சிலுவையின் கதை சொல்லாமலே அடியில் இருந்தது. 1690 வாக்கில் நிலைமை வேறு. குவேக்கர் வீட்டிலேயே பிறந்து, மௌனக் கூட்டத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். ஒளி அவர்களுக்குத் தெரியும். அடியில் இருந்த கதை எவ்வளவு தெரியும்? கீத்தை உறுத்திய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான கேள்வி.

மனம் மாறிய கணிதக்காரர்

கீத் 1638 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியில் பிறந்தவர். அபர்டீன் மாரிஷல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார், கணிதத்தில் கெட்டிக்காரர். பிரஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்தவர். யார் இரட்சிக்கப்படுவார், யார் கெட்டுப்போவார் என்பதைக் கடவுள் உலகத்தோற்றத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற கால்வினின் போதனையில் ஊறிய சபை அது. 1660-களின் தொடக்கத்தில் அதை விட்டுக் குவேக்கரானார். தண்டனையாக அபர்டீன் சிறை காத்திருந்தது. சிறையில் இருந்தபடியும் எழுதினார். கடவுள் இன்றும் மனிதரோடு நேரடியாகப் பேசுகிறார் என்று வாதிடும் அவருடைய நூல் 1668-இல் வந்தது.

அவர் நண்பர் ராபர்ட் பார்க்லே. குவேக்கர் இறையியலுக்கு முழு வடிவம் கொடுத்த நூலை 1676-இல் லத்தீனில் வெளியிட்டவர். அதற்கு முந்தைய ஆண்டு இவர்கள் இருவரும் சேர்ந்து அபர்டீன் இறையியல் மாணவர்களோடு பகிரங்க விவாதம் நடத்தினார்கள். 1677-இல் பாக்ஸ், வில்லியம் பென், பார்க்லே, கீத் எல்லோரும் ஒன்றாக ஹாலந்துக்குப் பயணம் போனார்கள். ஆக, கீத் ஓரத்தில் நின்றவர் அல்ல, முன்வரிசை ஆள்.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொன்று தமிழ் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆன் கான்வே என்ற தத்துவ அறிஞரின் வீட்டில் வான் ஹெல்மாண்ட் என்பவரோடு கீத்துக்குப் பழக்கம் ஏற்பட்டது. யூத மறைஞான மரபில் தோய்ந்த வான் ஹெல்மாண்ட், ஆன்மாக்கள் மீண்டும் மீண்டும் பிறக்கின்றன என்று சொன்னவர். கீத்தை இது ஏன் ஈர்த்தது என்பது புரிகிறது. இயேசுவின் பெயரையே கேட்காமல் செத்துப்போகும் கோடிக்கணக்கான நல்ல மனிதர்களின் கதி என்ன? உள்ளொளியே போதும் என்றால் சிலுவை எதற்கு? சிலுவையை அறிந்தே ஆகவேண்டும் என்றால் கேள்விப்படாதவனைத் தண்டிப்பது என்ன நீதி? இன்னொரு பிறவியில் அவன் கேள்விப்படலாம் என்றால் இரண்டும் பொருந்திவிடும். கீத் இதைத் தன் உறுதியான போதனையாக அறிவித்ததில்லை. ஆனால் பின்னாளில் எதிரிகள் இதையே எடுத்து அவர் மேல் வீசினார்கள். எனக்கோ, அவர் எவ்வளவு ஆழமாக இந்த முடிச்சோடு மல்லுக்கட்டினார் என்பதற்கு இதுவே சாட்சி.

1680-களின் நடுவில் கீத் அமெரிக்காவுக்குப் போனார். பார்க்லே ஆளுநராக இருந்த கிழக்கு ஜெர்சிக்குத் தலைமை நில அளவையாளர் வேலை. கிழக்கு ஜெர்சிக்கும் மேற்கு ஜெர்சிக்கும் நடுவே 1687-இல் அவர் அளந்த எல்லைக்கோடு இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. 1689-இல் பிலடெல்பியாவில் புதிதாகத் தொடங்கிய குவேக்கர் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார்; சுமார் ஒரு வருடத்தில் அதை விட்டார்.

இடையில் 1688-இல் அவர் பாஸ்டனுக்குப் போய்வந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். குவேக்கர்களைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே காட்டன் மேதர் உட்பட நான்கு போதகர்களைப் பகிரங்க வாதத்துக்கு அழைத்தார், அவர்கள் வரவில்லை. குவேக்கர்கள் கிறிஸ்துவை மறுப்பவர்கள் என்பது நியூ இங்கிலாந்தின் நிரந்தரக் குற்றச்சாட்டு. இல்லவே இல்லை, நாங்கள் முழுக்க முழுக்க வேதத்தின்படி விசுவாசிக்கிறவர்கள் என்று கீத் அச்சில் அடித்துச் சொன்னார். அப்படித் தன் மக்களுக்காக உத்தரவாதம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், சொந்தக் கூட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

‘இரண்டு கிறிஸ்து’

1690-இல் கீத் ஊழியர் கூட்டத்தின் முன் ஒரு திட்டம் வைத்தார். சபையில் சேர்கிறவர்கள் அடிப்படை விசுவாசத்தைத் தங்கள் வாயால் அறிக்கையிட வேண்டும். குவேக்கர் வீட்டில் பிறந்துவிட்டதால் மட்டும் ஒருவர் உறுப்பினர் ஆகிவிட முடியாது. மூப்பர்கள், உதவியாளர்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு வினா-விடை ஞானோபதேசம் வேண்டும். ஊழியர்கள் இதை ஏற்கவில்லை. எந்தச் சடங்குக் கூட்டிலிருந்து தப்பி வந்தோமோ அதற்குள் மறுபடி அடைக்கப் பார்க்கிறார் என்று தோன்றியிருக்கும். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. விசுவாச அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தங்களை வேட்டையாடிய சபைகளை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

அப்புறம் வில்லியம் ஸ்டாக்டேல் என்ற ஊழியர் வாய் திறந்தார். உள்ளே இருக்கும் கிறிஸ்து, வெளியே எருசலேமில் மரித்த கிறிஸ்து என்று பேசும் கீத் இரண்டு கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார் என்றார். கீத் கொதித்துப்போனார். இரண்டும் ஒருவரே என்பதுதானே அவருடைய மொத்த வாதமும்! ஸ்டாக்டேலைக் கண்டிக்க வேண்டும் என்று புகார் கொடுத்தார். ஊழியர்கள் விசாரித்தார்கள், இழுத்தார்கள், ஸ்டாக்டேலின் பேச்சு தகாதது என்பது போல ஏதோ சொல்லி முடிக்கப் பார்த்தார்கள். கீத் எதிர்பார்த்த தீர்ப்பு அதுவல்ல. ஸ்டாக்டேல் சொன்னது தவறான போதனை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். போதனையைத் தீர்ப்பிட அவர்கள் முன்வரவில்லை.

அடுத்து தாமஸ் பிட்ஸ்வாட்டர் என்பவர், உள்ளொளி மட்டுமே இரட்சிப்புக்குப் போதும் என்பதைக் கீத் மறுக்கிறார் என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்தக் குற்றச்சாட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒளி போதாது என்று கீத் சொன்னாரா? கீத்தின் கணக்கில் ஒளி என்பதே மனிதராகப் பிறந்து மரித்த கிறிஸ்துவின் ஒளி. ஆகவே ஒளியையும் அந்த மனிதரையும் பிரித்து, ‘ஒளி போதும், அவர் வேண்டியதில்லை’ என்று சொல்வதுதான் தவறு. பிட்ஸ்வாட்டரின் காதில் அது, ‘ஒளியோடு வேறு ஏதோ ஒன்றும் சேர வேண்டும்’ என்று விழுந்தது. பட்டதாரியின் நுணுக்கம் விவசாயியையும் வியாபாரியையும் எட்டவில்லை. எட்டாததை எல்லாம் கீத் ‘அறியாமை’ என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

மாதாந்திரக் கூட்டம் ரெண்டுபட்டது. கீத் தரப்பினர் தாங்களே கூடி ஸ்டாக்டேலுக்கும் பிட்ஸ்வாட்டருக்கும் எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். அது முறையான கூட்டமே அல்ல, செல்லாது என்றது மறுதரப்பு. குவேக்கர்கள் எதையும் வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. கூட்டத்தின் ஏகமனதை உணர்ந்து எழுதுவார்கள். ஏகமனது இல்லாதபோது யார் கூட்டம் உண்மையான கூட்டம் என்று சொல்ல எந்த வழியும் அவர்களிடம் இல்லை.

சாதாரண நாட்களில் இந்த மாதிரி முடிச்சை அவிழ்க்கப் பெரியவர்கள் இருந்தார்கள். பார்க்லே 1690-இல் இறந்துபோனார். பாக்ஸ் 1691 ஜனவரியில் இறந்தார். பென்சில்வேனியாவின் உரிமையாளரான பென், பதவியிழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆள் என்ற சந்தேகத்தில் இங்கிலாந்தில் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார். கீத் மதிக்கக்கூடிய, கீத்தை ‘கொஞ்சம் பொறு’ என்று அடக்கக்கூடிய மூவரும் ஒரே சமயத்தில் இல்லாமல் போனார்கள். பாக்ஸ் இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

பிரசங்கியே நீதிபதி

பிலடெல்பியாவின் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தாமஸ் லாய்ட் சபையின் முன்னணி ஊழியர்; அவரேதான் மாகாணத்தின் துணை ஆளுநர். சாமுவேல் ஜென்னிங்ஸ் ஊழியர், அவரே நீதிபதியும்கூட. இங்கிலாந்தில் குவேக்கர் என்றால் அதிகாரத்தின் காலடியில் நசுங்கியவர். இங்கே அதிகாரமே அவர் கையில். சபையில் நடக்கும் வாக்குவாதம் அரசாங்கத்துக்கு எதிரான வாக்குவாதமாக மாற அதிக தூரம் இல்லை.

கீத்தின் வாயும் உதவவில்லை. வேறெந்த புராட்டஸ்டண்ட் சபையிலும் இல்லாத அளவுக்குக் கேடான துர்உபதேசங்கள் குவேக்கர்களிடையே மூடி மறைக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் பேசியதாக 28 பேரும் குற்றம் சாட்டினார்கள். லாய்டை வெட்கங்கெட்டவர், பரிதாபத்துக்குரிய ஆளுநர் என்று முகத்துக்கு நேரே ஏசினார். என்னைச் சிறைக்கு அனுப்பேன், என் முதுகு சாட்டையடிக்கு ரொம்ப நாளாகத் தினவெடுத்துக் கிடக்கிறது என்றும் சவால் விட்டதாக நீதிபதிகளின் அறிவிப்பு சொல்கிறது. இவ்வளவையும் கேட்டுப் பொறுத்துக்கொள்ள ஒரு ஆளுநர் மகானாக இருக்க வேண்டும்.

28 பேரின் அறிக்கைக்குப் பதிலாகக் கீத், ‘28 நீதிபதிகளிடமிருந்து சத்திய ஆவியிடம் மேல்முறையீடு’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு வெளியீடு எழுதினார். ஊரின் ஒரே அச்சுக்காரரான வில்லியம் பிராட்போர்டு அதை அச்சிட்டார். அதில் போதனை விஷயங்களோடு ஒரு நெருப்பும் இருந்தது. 1691-இல் பாபிட் என்ற கடற்கொள்ளைக்காரன் பிலடெல்பியா துறையிலிருந்து ஒரு சிறு கப்பலைத் திருடிக்கொண்டு போனான். குவேக்கர் நீதிபதிகள் ஆள் அனுப்பிப் பிடிக்க ஆணை கொடுத்தார்கள், கப்பல் மீட்கப்பட்டது. ஆயுதம் எடுக்கக்கூடாது என்று பிரசங்கிக்கிற நீங்கள், பலாத்காரத்துக்கு ஆணை கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு பிரசங்க மேடை ஏறுகிறீர்கள் என்று கீத் கேட்டார். ஒருவர் ஊழியராக இருக்கட்டும், அல்லது நீதிபதியாக இருக்கட்டும் என்பது அதன் உட்பொருள்.

நீதிபதிகளுக்கு இது இறையியலாகத் தெரியவில்லை, ராஜதுரோகமாகத் தெரிந்தது. 1692 ஆகஸ்டில் பிராட்போர்டும், பிரதிகளை விநியோகித்த ஜான் மெக்கோம்பும் கைதானார்கள். அச்சகத்திலிருந்த எழுத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். செப்டம்பரில் பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டம், அதாவது வட்டாரக் குவேக்கர்கள் எல்லோருக்கும் பொதுவான கூட்டம், 28 பேரின் தீர்ப்பை உறுதிசெய்தது. டிசம்பரில் வழக்கு. ஜென்னிங்ஸை அவதூறு செய்ததாகக் கீத்துக்கும் அவர் கூட்டாளி தாமஸ் பட்டுக்கும் ஆளுக்கு 5 பவுண்டு அபராதம்.

பிராட்போர்டின் வழக்குதான் படிக்கப் படிக்க நெஞ்சைத் தொடுகிறது. இந்தத் தாளை அச்சிட்டது இவர்தானா என்பதை மட்டும் ஜூரி சொன்னால் போதும், அது ராஜதுரோகமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் நீதிபதிகள். இரண்டையும் தீர்மானிக்கும் உரிமை ஜூரிக்கு உண்டு என்று தன் வழக்கைத் தானே வாதாடிய அந்த அச்சுக்காரர் விடாமல் நின்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், 1670-இல், லண்டனில் வில்லியம் பென் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது குவேக்கர்கள் தூக்கிப்பிடித்த அதே ஜூரி உரிமை! அன்று பென்னைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்தார்கள். இப்போது பென்னின் மாகாணத்தில், பென்னின் சகோதரர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வாதம் செய்தார்கள். ஜூரி ஒருமனப்படவில்லை. சாட்சியப் பொருளாகக் கொண்டுவந்த, எழுத்துகள் கோத்த அச்சுச் சட்டகத்தை ஒரு ஜூரி கைத்தடியால் தட்டிப் பார்த்தார், எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து கொட்டிச் சாட்சியமே கலைந்துபோனது என்று ஒரு கதை பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, தண்டனை கிடைக்கவில்லை. 1693-இல் மன்னர் பென்சில்வேனியாவைத் தற்காலிகமாக நியூயார்க் ஆளுநர் பிளெட்சரின் பொறுப்பில் விட்டபோது பிராட்போர்டுக்கு அவருடைய கருவிகள் திரும்பக் கிடைத்தன. அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து அந்த ஊரின் முதல் அச்சுக்காரர் ஆனார்.

கோடரி

கீத்தின் ஆட்கள் தங்களைக் ‘கிறிஸ்தவக் குவேக்கர்கள்’ என்று அழைத்துக்கொண்டு தனிக் கூட்டங்கள் நடத்தினார்கள். ஆனாலும் பழைய ஜெபவீட்டின் மீதான உரிமையை விடவில்லை. குவேக்கர் ஜெபவீட்டில் பீடம் கிடையாது; ஊழியர்கள் உட்கார உயரமான ஒரு மர மேடை மட்டும் இருக்கும். அதில் கீத்துக்கு இடமில்லை என்றான பிறகு, 1693 தொடக்கத்தில் அவர் தரப்பினர் எதிர்ச் சுவரோரம் இன்னொரு மேடை கட்டினார்கள். ஒரே கூடத்தில் இந்த மேடையிலிருந்து ஒருவர், அந்த மேடையிலிருந்து ஒருவர். கடைசியில் கோடரிகள் வந்தன. இரண்டு மேடைகளும் பலகை பலகையாகப் பிளக்கப்பட்டன. சண்டையே வேண்டாம் என்று ராணுவத்தைத் துறந்த ஒரு மக்கள், தங்கள் ஜெபவீட்டுக்குள் மரம் பிளந்துகொண்டு நின்றார்கள். எந்த வாக்கியத்தை ஏற்கிறோம் எதை மறுக்கிறோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

லண்டனின் தீர்ப்பு

கீத் 1694-இல் லண்டன் ஆண்டுக் கூட்டத்தின் முன் நின்றார். ஜென்னிங்ஸும் கடல் கடந்து வந்தார். பல நாட்கள் விசாரணை நடந்தது. லண்டன் பெரியவர்களுக்குக் கீத்தின் போதனையில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் முந்தைய ஆண்டே ஜார்ஜ் ஒயிட்ஹெட்டும் வேறு சிலரும் அமெரிக்கப் பிளவை முன்னிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். எருசலேமில் மரித்து உயிர்த்த இயேசுவை நாங்கள் விசுவாசிக்கிறோம் என்று அதில் தெளிவாக இருந்தது. கீத் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் லண்டன் பார்த்தது வேறொன்றை. சகோதரர்களை அச்சில் அசிங்கப்படுத்தினார், பிரிவினை உண்டாக்கினார், எழுதியதைத் திரும்பப் பெறச் சொன்னால் மறுக்கிறார். 1695 மே மாதம் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியதற்குச் சொன்ன காரணம் அவருடைய குணமும் நடத்தையும்தான், போதனை அல்ல.

இந்த முடிவை நான் எவ்வளவு யோசித்தும் முழுக்க ஏற்க முடியவில்லை. கீத் சகிக்க முடியாத மனிதர் என்பது உண்மை. ஆனால் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்ட தொனிக்காக அவரை வெளியே அனுப்பினால், கேள்வி உள்ளேயே தங்கிவிடுகிறது. எழுதப்பட்ட விசுவாசம் இல்லாத சபையில் ‘நாம் எதை விசுவாசிக்கிறோம்’ என்று ஒருவர் கேட்டால் அடுத்த நொடியே அது ‘கேட்க நீ யார்’ என்று திரும்பிவிடும். உரசிப் பார்க்கப் பொதுவான கல் ஒன்று இல்லாதபோது, பேசுகிற ஆளைத்தான் உரசிப் பார்ப்பார்கள். பிலடெல்பியாவிலும் லண்டனிலும் நடந்தது அதுதான். 130 வருடம் கழித்து, 1827-இல், அதே பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உள்ளொளியா வேதமா என்று மறுபடியும் இரண்டாகப் பிளந்தது.

மறுபடி ஒரு மனமாற்றம்

நீக்கப்பட்ட கீத் லண்டனில் டர்னர்ஸ் ஹால் என்ற இடத்தை எடுத்துச் சொந்தமாகக் கூட்டம் நடத்தினார். குவேக்கர் நூல்களிலிருந்து பகுதிகளை வாசித்து, இதோ பிழை, இதோ பிழை என்று காட்டினார். அவருடைய நூல் எண்ணிக்கை ஏறியது, ஆதரவாளர்கள் குறைந்தார்கள். 1700-இல் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து குருப்பட்டத்தின் முதல் படியைப் பெற்றார். பிரஸ்பிட்டேரியனாகத் தொடங்கியவர், எல்லாச் சடங்கையும் உதறிக் குவேக்கரானவர், அறுபது வயதைத் தாண்டி ஞானஸ்நானத் தொட்டியருகே அங்கி தரித்து நின்றார். ஆதாயத்துக்காக மாறினார் என்று பழைய நண்பர்கள் எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சொல்லி, எழுதி, ஒப்புக்கொண்டு, பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு விசுவாசத்தை அவர் கடைசிவரை தேடினார். குவேக்கர்களிடம் அது கிடைக்கவில்லை. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை வாரந்தோறும் வாய்விட்டுச் சொல்லும் சபையில் கிடைத்தது.

1701-இல் லண்டனில் தொடங்கிய சுவிசேஷ பிரபல்ய சங்கம் தன் முதல் மிஷனெரியாகக் கீத்தை அமெரிக்காவுக்கு அனுப்பியது. எஸ்.பி.ஜி. என்ற அந்த மூன்றெழுத்து திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாசரேத், இடையன்குடி மிஷன்களை நடத்திய அதே சங்கம்தான். கால்டுவெல் அதன் ஊழியர். அதன் முதல் ஆள் ஒரு முன்னாள் குவேக்கர் என்பது நம் ஊர்ச் சபை வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

1702 ஜூனில் பாஸ்டனில் இறங்கிய கீத், இரண்டு வருடம் நியூ இங்கிலாந்திலிருந்து கரோலினா வரை அலைந்து பிரசங்கித்தார். குவேக்கர் கூட்டங்களுக்குள் நுழைந்து எழுந்து நின்று வாதாடினார். பழைய கிறிஸ்தவக் குவேக்கர்களில் ஒரு பகுதியினர் அவரோடு ஆங்கிலிக்கன் ஆனார்கள். வேறு சிலர் ஏற்கனவே பாப்டிஸ்டுகளாகியிருந்தார்கள், அவர்களிலும் சிலர் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு சம்பவம் மனதை உறுத்துகிறது. சாமுவேல் பவுனஸ் என்ற இளம் குவேக்கர் ஊழியர் இங்கிலாந்திலிருந்து வந்து லாங் ஐலண்டில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். கீத் அவரை வாதத்துக்கு அழைத்தார், பவுனஸ் மறுத்தார். பிறகு பவுனஸ் ஹெம்ப்ஸ்டெட்டில் பேசியபோது ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய திருச்சபைச் சாக்கிரமெந்துகளை இழிவாகப் பேசினார் என்று அந்தக் குறிப்பின் பேரில் வாக்குமூலம் கொடுக்கப்பட்டது. குறிப்பு எடுத்தவர் வில்லியம் பிராட்போர்டு. பத்து வருடத்துக்கு முன் அச்சிட்ட தாளுக்காகச் சிறையிருந்த அதே அச்சுக்காரர், இப்போது ஆங்கிலிக்கன்.

கைதான பவுனஸைக் குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை என்று, வழக்கு நடத்தலாமா என்று முதலில் பார்க்கும் பெருஞ்ஜூரி சொல்லிவிட்டது. நீதிபதி ஆத்திரப்பட்டு மிரட்டியும் அவர்கள் அசையவில்லை. ஆனாலும் பவுனஸை விடாமல் 1703 வரை கிட்டத்தட்ட ஒரு வருடம் சிறையில் வைத்திருந்தார்கள். யார் தயவிலும் வாழக்கூடாது என்று அவர் சிறைக்குள்ளேயே செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, தைத்து விற்றுச் சாப்பிட்டார். கீத்தின் மேல் எனக்கிருக்கும் மரியாதை இந்த இடத்தில் குறைகிறது. போதனையைப் போதனையால் சந்திக்காமல் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்பதுதானே லாய்டுக்கும் ஜென்னிங்ஸுக்கும் எதிராக அவர் வைத்த குற்றச்சாட்டு?

கீத் இங்கிலாந்து திரும்பி, சசெக்ஸில் எட்பர்ட்டன் என்ற சிற்றூரில் பங்குக் குருவாக இருந்து 1716-இல் இறந்தார். குவேக்கராக இருந்தபோதே செத்திருக்கக் கூடாதா என்று மரணப் படுக்கையில் அவர் புலம்பியதாகக் குவேக்கர்களிடையே ஒரு கதை உண்டு. விட்டுப்போனவரைப் பற்றி விடப்பட்டவர்கள் சொல்லும் கதை அது. அதற்கு நான் எடை கொடுக்கமாட்டேன்.

ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு தாள்

பிளவின் உச்சத்தில், 1693-இல், கீத்தின் கிறிஸ்தவக் குவேக்கர் கூட்டம் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தது. நியூயார்க்கில் பிராட்போர்டு அச்சிட்டது. கறுப்பின மக்களை விலைக்கு வாங்குவது, அடிமையாக வைத்திருப்பது பற்றி நண்பர்களுக்கு ஒரு புத்திமதி. விடுதலை செய்வதற்காகவே தவிர யாரையும் வாங்காதீர்கள். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் நியாயமான காலம் வேலை வாங்கியபின் விட்டுவிடுங்கள். அதுவரை அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றது. திருடிய பொருளை வாங்கக்கூடாது என்றால், திருடிய மனிதரை எப்படி வாங்கலாம் என்று கேட்டது. வட அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக அச்சில் வந்த மிக முந்தைய எதிர்ப்புகளில் ஒன்று இது. கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார், கறுப்பருக்காகவும் வெள்ளையருக்காகவும் என்பது அதன் அடிப்படை. அதாவது கீத் வற்புறுத்திய அதே வெளிப்படையான சிலுவைதான் இங்கே வாதமாக நின்றது.

பிலடெல்பியாவின் செல்வந்தக் குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். பிரிந்துபோன கூட்டத்தின் புத்திமதியை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளக் காரணம் எதுவும் இருக்கவில்லை. 1696-இல் ஆண்டுக் கூட்டம், புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று மென்மையாக ஓர் ஆலோசனை சொன்னது. அடிமை வைத்திருப்பவர்களை வீடுவீடாகச் சந்தித்துப் பேச ஆள் நியமித்தது 1758-இல். அடிமைகளை விடுவிக்க மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று அது முடிவெடுத்தது 1776-இல், அந்தத் தாள் அச்சாகி 83 வருடம் கழித்து.